எண் தெரிந்து பிளக் வாங்குங்கள்

கடைக்குப் போய், "புல்லு மிஷினுக்கு ஒரு பிளக் குடுங்க" என்று கேட்டால் ஒரு பிளக் கிடைக்கும். அது உங்கள் மிஷினுக்கு உரியதா, கடையில் நாள்பட்டுத் தேங்கிக் கிடந்ததா என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மரை பொருந்துகிறது, கயிற்றை இழுத்தால் கிளம்புகிறது, ஆகவே சரிதான் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொள்கிறார்கள். சில வாரம் கழித்து அதே மிஷின் பட்டறைக்குத் திரும்பி வரும்போது பழி பிளக்கின் மேல் விழுகிறது.

சின்ன மிஷின் பழுதுபார்ப்பதைப் பிழைப்பாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பிளக்கைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். எந்த பிளக் போட வேண்டும், பழைய பிளக் ஏன் செத்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. தோட்டத்து ஆபீசிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வருவது இவர்களுக்குத்தான்.

வேலை எங்கே இருக்கிறது

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் எழுந்தது. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்துப் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அன்றைய தொழிலாளிக்கு உளியும் வாளியும் போதும். இன்று ரப்பர் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. ஸ்டோரைத் திறந்தால் தோளில் மாட்டும் புல்வெட்டி, செயின்சா, முதுகில் சுமக்கும் மருந்து மிஷின், தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர் என்று வரிசையாக இருக்கும். மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்ற குலைவெட்டும் கருவியும் ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சினால்தான் ஓடுகிறது. டிராக்டரும் லாரியும் டீசல். அவற்றுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. மற்றவை எல்லாம் உங்கள் பக்கம்.

டவுனிலும் வேலை குறைவில்லை. அலோர் காஜா, ஜாசின், ஆயர் குரோ என்று எங்கே போனாலும் சாலையோரப் புல்வெட்டுக் குத்தகைக்காரர்களைப் பார்க்கலாம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் வட்டாரத்தில் கடை போடுபவருக்கு, இருட்டும் நேரத்தில் ஜெனரேட்டர் நின்றால் அன்றைய வியாபாரம் போயிற்று. இ.எக்ஸ்.5 மோட்டார் இல்லாத தோட்டத்து வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிளக் ஒன்றின் விலை பத்து வெள்ளி சுமார். அது நின்றால் நிற்பது அதைவிடப் பெரியது. வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பது தொழிலின் கணக்கு. தாமதமாகத் தாமதமாக எண்ணெயின் தரம் இறங்கும். குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு மிஷின் நின்ற மணி நேரம் சம்பளத்திலேயே தெரியும்.

எண்ணில் என்ன இருக்கிறது

தண்ணீர் பம்பிலும் ஜெனரேட்டரிலும் அடிக்கடி கண்ணில் படுவது ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சின். அதன் கையேடு சொல்லும் பிளக் என்ஜிகே பிபிஆர்6ஈஎஸ். இந்த ஒன்றைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டால் என்ஜிகே கம்பெனியின் பெரும்பாலான பிளக்குகளைப் படித்துவிடலாம்.

முதல் எழுத்து மரையின் விட்டம்: 14 மில்லிமீட்டர். இரண்டாவது எழுத்து, உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு வெளியே நீண்டிருக்கிறது என்பதற்கு. 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 6 வெப்ப எண். 'ஈ' மரையின் நீளம்: 19 மில்லிமீட்டர். கடைசி 'எஸ்' நடுக்கம்பி சாதாரண வகை என்பதைக் காட்டுகிறது.

அதிகம் கோட்டைவிடும் இடம் மரையின் நீளம். பிபிஆர்6எச்எஸ் என்று இன்னொரு பிளக் இருக்கிறது. ஒரே விட்டம், ஒரே வெப்ப எண், ஒரே ஸ்பேனர். 'ஈ' இருந்த இடத்தில் 'எச்', நீளம் 12.7 மில்லிமீட்டர். ஜிஎக்ஸ்160-இல் மாட்டினால் அழகாக ஏறி உட்காரும், எஞ்சினும் கிளம்பும். ஆனால் தீப்பொறி அறைக்குள் போகாமல் குழிக்குள்ளேயே அடிக்கும். மீதமுள்ள மரையில் கரி படியும். ஆறு மாதம் கழித்து யாராவது சரியான நீளமுள்ள பிளக்கை ஏற்றினால் அந்தக் கரியில் சிக்கி, அலுமினிய ஹெட்டின் மரையே கழன்று வரலாம். குட்டைக்கு உரிய எஞ்சினில் நீளமானதைப் போட்டால் சேதத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். பிஸ்டன் மேலே வந்து இடித்துவிடும்.

அடுத்தது வெப்ப எண். பிளக்கின் மூக்கு ஓடும்போது 500 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டினால், தீப்பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கத் தொடங்கும். இந்த இடைவெளிக்குள் மூக்கை நிறுத்திவைப்பதுதான் வெப்ப எண்ணின் வேலை. வெப்பத்தைச் சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்திவிடுவது குளிர் பிளக். தன்னிடம் வைத்துக்கொள்வது சூட்டு பிளக். என்ஜிகே கணக்கில் ஒரு எண் மாறினால் மூக்கின் சூடு 70 முதல் 100 பாகை வரை மாறும். ஆகவே "6 இல்லையா, 8 குடுங்க, பரவாயில்லை" என்பது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு சிக்கல். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற பிளக் குளிர்ந்தது. பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏறச் சூடு. ஸ்டீல் (Stihl) கம்பெனி மிஷின்களின் கையேட்டில் பல மாடல்களுக்கு பாஷ் டபிள்யூஎஸ்ஆர்6எஃப் அல்லது என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ என்று போட்டிருக்கும். அங்கே 6, இங்கே 7. இரண்டும் ஒரே வேலைக்கு உரியவை. டென்சோவோ 16, 20, 22, 24 என்று வேறு ஏணி வைத்திருக்கிறது; என்ஜிகேயின் 6 அங்கே 20. எனவே பிபிஆர்6ஈஎஸ்-க்கு டென்சோவில் டபிள்யூ20ஈபிஆர்-யு. இதை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். கம்பெனிகளே ஒப்பீட்டுப் பட்டியல் வெளியிடுகின்றன, கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் ஞாபகத்தை மட்டும் ஒப்பீட்டுப் பட்டியலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது "புல்லு மிஷினுக்கு ஒரு பிளக்" என்ற கேள்விக்கு வருவோம். ஸ்டீல் புல்வெட்டி பலவற்றுக்கு பிபிஎம்ஆர்7ஏ: மரை 14 மில்லிமீட்டர் விட்டம், 9.5 நீளம், உடம்பு குட்டை. ஹோண்டா ஜிஎக்ஸ்35 எஞ்சின் வைத்த புல்வெட்டிக்கு சிஎம்ஆர்5எச்: மரை 10 மில்லிமீட்டர்தான். இரண்டும் புல்லு மிஷின். கார்புரேட்டர் வைத்த பழைய இ.எக்ஸ்.5-க்கு சி6எச்எஸ்ஏ அல்லது சி7எச்எஸ்ஏ. டென்சோ என்றால் யு20எஃப்எஸ்-யு, யு22எஃப்எஸ்-யு. பெட்ரோலை இன்ஜெக்டர் வழியே தெளிக்கும் புதிய இ.எக்ஸ்.5-க்கு இதையே போடலாம் என்று எண்ணிவிடாமல் அதன் கையேட்டைப் பாருங்கள். இந்த நாலு எஞ்சினுக்குள்ளேயே 16, 19, 21 என்று மூன்று அளவு சாக்கெட் தேவைப்படுகிறது. பையில் மூன்றும் இருக்கட்டும்.

'ஆர்' உள்ள இடத்தில் 'ஆர்' இல்லாததைப் போடாதீர்கள். இன்றைய மின்னணு இக்னிஷனுக்கு அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் இரைச்சல் ஏறிக் கோளாறு வரலாம். 'ஆர்' இல்லாத பழைய பிளக்கின் இடத்தில் 'ஆர்' உள்ளதைப் போட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

இரிடியம் போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கையேடு கேட்டால் போடுங்கள்; புதிய கார்கள் பலவற்றில் தயாரிப்பாளரே அதைத்தான் விதித்திருக்கிறார், அங்கே மலிவானதைப் போட்டு இறக்கக் கூடாது. தோட்டத்துப் புல்வெட்டிக்கு அது வீண் செலவு என்பது என் எண்ணம். எண்ணெய் கூடிப்போன மிஷினில் சாதாரண பிளக் நனைவதுபோலவே இரிடியமும் நனையும்.

பழைய பிளக்கை எறியாதீர்கள்

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைப்போல, மிஷினுக்குக் கழற்றிய பிளக்கின் மூக்கு. இந்தப் பகுதியைக் கற்றுக்கொள்ளத்தான் நாள் பிடிக்கும், இதில்தான் மதிப்பும் இருக்கிறது. ஸ்டோர் வாசலில் மண்டோருடன் பேச்சு இப்படி ஆரம்பிக்கும்.

"தம்பி, பிளக் போச்சு போல. வேற ஒண்ணு மாட்டிக் குடு."

"மாட்டித் தர்றேன்ணே. பழசைக் கொஞ்சம் பாத்துக்கிறேன். எண்ணெய் எவ்வளவு கலக்குறீங்க?"

"அளவா? கண்ணளவுதான். கொஞ்சம் கூடப் போட்டா மிஷினுக்கு நல்லதுதானே?"

மண்டோர் சொன்ன இந்தக் கடைசி வாக்கியம்தான் பல பிளக்குகளின் சாவுக்குக் காரணம். ஸ்டீல் தன்னுடைய 2டி எண்ணெய்க்கு 50-க்கு 1 என்று சொல்கிறது: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர். தரச்சான்றுள்ள வேறு எண்ணெய் என்றால் 25-க்கு 1, அதாவது 40 மில்லிலிட்டர். கண்ணளவில் இதைத் தாண்டிக் கொட்டினால் மூக்கு கறுத்து ஈரமாகும், பீங்கானின் மேல் மின்சாரம் வழிந்து ஓடும், தீப்பொறி பலவீனமாகும். புது பிளக் போட்டால் ஒரு வாரம் நன்றாக ஓடும். பிறகு அதே கதை. குறைத்துப் போட்டாலோ பிளக்கோடு நிற்காது, பிஸ்டனே போய்விடும். அளவுக் குவளை ஒன்றை வாங்கி ஸ்டோரில் தொங்கவிடச் சொல்லுங்கள். அது நீங்கள் விற்கும் பத்து பிளக்குக்குச் சமம். வியாபாரம் குறைகிறதே என்று பார்க்காதீர்கள்.

நிறத்தைப் படிப்பது இப்படி. இளம் பழுப்பு, சாம்பல் கலந்த பழுப்பு என்றால் எல்லாம் ஒழுங்கு. பிளக் நிறைய நாள் உழைத்ததால் மாற்றுகிறீர்கள், அவ்வளவே. காய்ந்த கரி, தொட்டால் விரலில் ஒட்டும் கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், சோக் முழுக்கத் திறக்கிறதா பாருங்கள். எண்ணெய்க் கறுப்பு என்றால், 2-ஸ்ட்ரோக்கில் கலவையும் 4-ஸ்ட்ரோக்கில் தேய்ந்த ரிங்கும் சந்தேகத்துக்கு உரியவை. ஜெனரேட்டரைச் சாய்த்து வைத்து லாரியில் ஏற்றினாலும் எண்ணெய் மேலே ஏறி நனைக்கும். முதலில் அதைக் கேட்டுவிட்டு ரிங் பக்கம் போங்கள்.

வெளுத்த மூக்கு, அதில் சிறு கொப்புளம், உருகிய நுனி: இதற்குப் பயப்பட வேண்டும். எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, அல்லது கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைத்துவிட்டது, அல்லது குளிர்விக்கும் இறக்கைகளில் புல்லும் தூசியும் அடைத்திருக்கிறது. இந்த நிலையில் புது பிளக் போட்டு மிஷினைத் திருப்பிக் கொடுப்பது குற்றம் என்றே சொல்வேன். 2-ஸ்ட்ரோக் எஞ்சின் சிக்கிக்கொள்வதற்கு முன் தரும் எச்சரிக்கை அது.

கறுத்த பிளக்கைக் கண்டதும் ஒரு எண் சூடானதைப் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் சில ஃபோர்மன்களிடம் உண்டு. கறுப்பு மறையும். காரணம் அப்படியே இருக்கும். எண்ணெயையும் ஃபில்டரையும் சரிசெய்தவர் கையேட்டு எண்ணைவிட்டு விலக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

ஒரு பொய் அடையாளமும் இருக்கிறது. வெளியே தெரியும் வெள்ளைப் பீங்கானில், உலோக உடம்பை ஒட்டினாற்போல் ஒரு பழுப்பு வளையம் சில பிளக்கில் தெரியும். காற்று கசிகிறது என்று அதைத் தூக்கிப் போடுவார்கள். உயர்மின் அழுத்தம் சுற்றியுள்ள எண்ணெய்த் துகளை இழுத்துப் படியவைத்த கறை அது. பிளக் நல்ல பிளக்தான்.

நனைந்த பிளக்கைப் பெட்ரோலில் முக்கிக் கொளுத்தி "சுத்தம்" செய்வதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். பீங்கான் வெடிக்கலாம், கை வெந்து போகலாம். பத்து வெள்ளி.

அசலா, போலியா

போலி பிளக் இல்லாத சந்தை கிடையாது. பெட்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பெட்டியை அச்சடிப்பது எளிது. இதில் ஒரு எச்சரிக்கை: என்ஜிகே பிளக் செய்யும் கம்பெனி 2023 ஏப்ரலில் தன் பெயரை நிட்டெரா என்று மாற்றிக்கொண்டது. பிளக்கின் மேல் பழைய பெயர் தொடர்கிறது. நிட்டெரா என்று எங்காவது எழுதியிருப்பதைப் பார்த்துப் போலி என்று சண்டை போடாதீர்கள்.

பிளக்கையே கையில் எடுங்கள். மரைக்கு மேலே உள்ள வாஷர் அசலில் சுழலும், ஆனால் சுலபமாகக் கழன்று கையில் வராது. நடுக்கம்பியும் அதன் மேல் வளைந்திருக்கும் கம்பியும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் வைத்துவிடுங்கள். மரை வழவழப்பாக, பிசிறில்லாமல் இருக்கும். பீங்கான் எழுத்து நகத்தால் சுரண்டினால் போகாது. இரிடியம் என்று விலை சொன்னால் நடுக்கம்பியின் நுனியைப் பாருங்கள்: டென்சோவின் இரிடியம் பவர் வகையில் அது 0.4 மில்லிமீட்டர், என்ஜிகேயின் இரிடியம் ஐஎக்ஸ் வகையில் 0.6. பென்சில் நுனிபோலத் தடியாக இருப்பதற்கு இரிடியம் விலை கொடுக்காதீர்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவருக்கு இன்னொரு சோதனை உண்டு. 'ஆர்' எழுத்துள்ள பிளக்கின் மேல் முனைக்கும் நடுக்கம்பிக்கும் இடையே சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். பூச்சியம் காட்டினால் உள்ளே ரெசிஸ்டரே இல்லை. 'ஆர்' என்று எழுதிவிட்டு உள்ளே எதுவும் வைக்காத பிளக்கை விற்பவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி போலி முத்திரை குத்திய பொருளை விற்பது மட்டுமல்ல, விற்பதற்காக வைத்திருப்பதும் குற்றம். பட்டறை அலமாரியில் இருபது போலி பிளக் இருந்தால் மாட்டுவது நீங்கள். புகார் செய்ய உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கி ஏமாந்தவர் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். தொழிலுக்காக வாங்கும் பட்டறைக்காரர் அந்த வழியை நம்ப முடியாது. அதனால் ஒரே கடை, எப்போதும் ரசீது. தவுக்கே இரண்டு வெள்ளி கூடச் சொன்னாலும் ரசீது தருபவரிடமே வாங்குங்கள்.

மாட்டும்போது

எஞ்சின் ஆறட்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்; இல்லையென்றால் மண் சிலிண்டருக்குள் விழும். இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை கேஜால் அளந்து பாருங்கள்: ஜிஎக்ஸ்160-க்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், ஸ்டீலின் சின்ன மிஷின்களுக்கு 0.5, பழைய இ.எக்ஸ்.5-க்கு 0.6 முதல் 0.7. புது பிளக் சரியாகவே வரும் என்று விட்டுவிடாதீர்கள், வழியில் கீழே விழுந்திருக்கலாம்.

முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் கோணலாகப் போகிறது. டார்க் ரென்ச் இருந்தால் அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12 என்பது என்ஜிகேயின் பொது அளவு. மிஷினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. ரென்ச் இல்லாத இடத்தில் ஹோண்டாவின் முறை உதவும்: வாஷர் உட்கார்ந்த பிறகு புது பிளக்குக்கு அரைச் சுற்று, பழையதை மறுபடி போட்டால் எட்டில் ஒன்று முதல் கால் சுற்று வரை. மரையில் கிரீஸ் தடவாதீர்கள். வழுக்கிக்கொண்டு ஏறி, தெரியாமலே அதிகம் முறுக்கிவிடுவீர்கள்.

மேல் முனையில் திருகும் நட்டு உள்ள பிளக் என்றால், ஸ்டீல் மிஷினில் அதை இறுக முறுக்கிய பிறகே தொப்பியை மாட்ட வேண்டும். தளர்ந்த நட்டில் பொறி பறக்கும், பக்கத்திலேயே பெட்ரோல். தீப்பொறி வருகிறதா என்று பார்க்க பிளக்கை ஹெட்டின் மேல் சாய்த்துக் கயிறு இழுக்கும் பழக்கமும் அதே ஆபத்துதான். ஸ்பார்க் டெஸ்டர் விலை அதிகமில்லை. புல்வெட்டியின் பிளேடைத் தொடுவதற்கு முன் தொப்பியைக் கழற்றுவதைக் கையின் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை முதலாளி நியமிக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைப்பாக்குவது

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மிஷினுக்கு ஒரு பக்கம்: எஞ்சின் மாடல், பிளக் எண், இடைவெளி, மாட்டிய தேதி, கழற்றியபோது இருந்த நிறம். ஸ்டீல் கையேடு சுமார் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை பிளக்கை மாற்றச் சொல்கிறது. நாளுக்கு 5 மணி நேரம் ஓடும் புல்வெட்டிக்கு அது 20 வேலை நாள். ஜிஎக்ஸ்160-க்கு ஹோண்டா சொல்வது 100 மணி நேரத்தில் அல்லது ஆறு மாதத்தில் பரிசோதனை, 300 மணி நேரத்தில் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றம். இந்தக் கணக்கை வைத்து, அடுத்த மூன்று மாதத்துக்கு எந்த எண்ணில் எத்தனை பிளக் வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிக் கிராணியிடம் கொடுங்கள். மிஷின் நின்ற பிறகு ஓடிவரும் ஆளாக இல்லாமல், நிற்பதற்கு முன்பே வரும் ஆளாக ஆபீசில் உங்கள் பெயர் பதியும்.

பில்லில் பொருளும் கூலியும் தனித்தனி. பிளக்கின் முழு எண்ணையும் எழுதுங்கள். பழைய பிளக்கை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். கோளாறு பிளக்கில் இல்லை என்றால் பிளக் விற்காதீர்கள். தொப்பியின் உள்ளே ஈரம், விரிந்துபோன ஸ்பிரிங் இவையே பாதி நாள் காரணமாக இருக்கும். பார்த்ததற்குக் கூலி கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று பார்த்த கூலியை விட்டுவிட்டுப் பொருளில் இரண்டு வெள்ளி ஏற்றி ஈடுகட்டுவது நம் ஆட்களிடம் உள்ள கெட்ட பழக்கம். அதுதான் தேவையில்லாத பிளக்கை மாட்டச் சொல்லித் தூண்டுகிறது.

தனியாகத் தொழில் செய்கிறீர்களா? கம்பெனிகள் ஆணையத்தில் பதிவு செய்யுங்கள்: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. பதிவு இல்லாதவருக்குத் தோட்ட ஆபீஸ் பணம் கொடுக்கத் தயங்கும். 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெர்கெசோவில் சேருங்கள். பிளேடும் பெட்ரோலும் தினமும் கையாளுபவருக்கு அது ஆடம்பரம் இல்லை.

பல ஆண்டு அனுபவம் இருந்தும் காகிதம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. திறன் மேம்பாட்டுத் துறை நடத்தும் பிபிடி என்ற முறையில், வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் பெறலாம். மதிப்பிட வருபவர் சான்று கேட்பார். நோட்டுப் புத்தகம், பில், பழைய பிளக்கின் படங்கள் எல்லாம் அப்போது கைகொடுக்கும். பாரங்கள் மலாய் மொழியில் வரும், உதிரிப் பாகங்களின் மலாய்ப் பெயர்களைப் பழகிக்கொண்டு போங்கள்.

பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு இரண்டு பாதை. ஒன்று, செலண்டாரிலும் அலோர் காஜா தாபோ நானிங்கிலும் உள்ளவை போன்ற அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள். எந்தப் பாடம் இப்போது நடக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று எஸ்எல்டிஎன் என்ற இரட்டைப் பயிற்சி: 70 முதல் 80 விழுக்காடு நேரம் வேலையிடத்தில், மீதி வகுப்பில். கையில் காசு பார்த்துக்கொண்டே சான்றிதழ் வாங்க நினைப்பவருக்கு இதுவே பொருந்தும். அலோர் காஜா பெகோவில் ஹோண்டா கார்த் தொழிற்சாலை 2003 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் போக நினைப்பவருக்கும் சான்றிதழ் உதவும்.

இரட்டைப் பயிற்சிக்குப் பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன் அலமாரியைப் பாருங்கள். டார்க் ரென்ச் இருக்கிறதா, மிஷின்களின் கையேடுகள் இருக்கின்றனவா, பிளக் எல்லாம் அதனதன் பெட்டியில் எண் தெரியும்படி அடுக்கியிருக்கிறதா, ஒரே தகரத்தில் குவித்துக் கிடக்கிறதா? தகரத்தில் கிடந்தால் வேறு பட்டறை பாருங்கள்.